பழஞ்சேலையும் நீல டிரம்மும்



சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் தமிழ் மக்களுக்கு, பழுதுபட்ட வீட்டுப் பொருள்களை மறுபடியும் பயன்கொள்ளும் வகை பற்றிச் சில செய்திகள் சொல்ல முற்படுகிறோம். மும்பை மாநகரத்து மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருப்போர் என்னும் உரிமையிலேயே இதனைச் சொல்கிறோம். கற்றறிந்த பொருளாதார நூலோர் என்னும் முறையில் அன்று.

லேபர் கேம்ப் எங்கே உள்ளது என்று தில்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் அன்பர்கள் கேட்கலாம். மாட்டுங்கா என்னும் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதேயன்றி, அது தாராவியின் ஒரு பகுதியே. மாட்டுங்காவின் பூக்கடைகளையும் சிற்றுண்டிச் சாலைகளையும் அறிந்த தமிழர் பலர், ரயில் பாதைக்கு மேற்கே உள்ள எங்கள் சந்துகளை அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். அவர்களைத் தொடர்ந்து உற்றாரும் உறவினரும் வந்தனர். இன்றும் எங்கள் குழாயடியில் தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே மூச்சில் கேட்கும்.

எங்கள் வீடுகளிற் பல, பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றும், ஏணி வைத்து ஏறும் பரண் ஒன்றுமாக அமைந்தவை. இத்தகைய வீட்டில் பழம்பொருளைப் பற்றிய கேள்வியே வேறு விதமாக எழுகிறது. ஊரில் கொல்லைப்புறம் உண்டு, தொழுவம் உண்டு. உடைந்ததையும் கிழிந்ததையும் அங்கே எறிந்துவிட்டு, என்றேனும் உதவும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அவ்வாறு செய்ய இயலாது. ஒரு பழைய வாளியை வைத்துக்கொண்டால், ஒரு பிள்ளை கால் நீட்டிப் படுக்கும் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். ஆதலால், கண்டதையெல்லாம் சேர்த்து வைப்பதைச் சிக்கனம் என்று நாங்கள் கொள்வதில்லை. பொருள் கையை விட்டுப் போவதற்கு முன்பே அதன் அடுத்த வேலை இன்னதென்று முடிவு செய்வதே இங்கே சிக்கனம்.

எங்கள் சந்தில் வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். புதிதாக மணமாகி ஊரிலிருந்து வரும் பெண்களுக்கு அவர் முதலிற் சொல்லும் சொல் இதுதான்: "சாமானு படி எறங்கலாம், தாயி, ஏறப்படாது." இதன் பொருளாவது, சோறு வைத்த பாத்திரம் நாளை துணி ஊறவைக்கும் பாத்திரம் ஆகலாம்; அதற்கு மறுநாள் தரை மெழுகும் நீருக்குப் பயன்படலாம். தரை மெழுகிய பாத்திரம் எத்தனை முறை துலக்கப்பட்டாலும் மீண்டும் அடுப்பங்கரைக்கு வரலாகாது. எளிய விதிதான். ஆயினும் இன்று நாம் சொல்லப்போவனவற்றில் பெரும்பகுதி இவ்விதிக்குள் அடங்கிவிடும். அடங்காத ஒன்று உண்டு, அது துணி. அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நூற்சேலை ஒன்று நையத் தொடங்கும்போது முழுவதும் ஒரே சீராக நைவதில்லை. கொசுவம் விழும் இடமும் உட்காரும் இடமும் முதலில் இழை விடும். கரையும் முந்தானையும் வலுவாகவே இருக்கும். இரண்டு பழஞ்சேலைகளின் நைந்த பகுதிகளை நீக்கி, நல்ல பகுதிகளை இணைத்துத் தைத்து ஒரு சேலையாக உடுத்துவது எங்கள் தாய்மார் காலத்து வழக்கம். பக்கத்து வீட்டு மராத்தியப் பெண்மணிகளும் அதனை அறிவார்கள். படுக்கை விரிப்பு நடுவில் நைந்தால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் இரண்டும் நடுவில் வருமாறு மாற்றித் தைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலேய வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்குப் பங்கீடு நடைபெற்றது. பழையதைச் செப்பனிட்டு உடுத்தும் வகையை விளக்கி அந்நாட்டு வர்த்தக இலாகா 1943-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டது. நம் தாய்மார்க்கு அதனை எந்த இலாகாவும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

இனி, துணி மட்டும் ஆச்சியின் விதிக்கு அடங்காது என்றோமே, அது எவ்வாறு? பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணி, புதுத் துணி செய்ய இயலாத சில வேலைகளைச் செய்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் யாரும் கிடத்துவதில்லை. பாட்டனாரின் பழைய வேட்டியிலேயே கிடத்துகிறோம். கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்திய பிறகே அவ்வாறு செய்தல் வேண்டும். தூளி கட்டுவதற்கும் பழஞ்சேலையே உகந்தது. ஆயினும் தூளியில் ஓர் எச்சரிக்கை தேவை. நூல் நைந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தையின் எடையைப் போல் இருமடங்கு எடையுள்ள அரிசிப் பையைத் தூளியில் இட்டு, நன்றாக ஆட்டிப் பார்த்த பின்னரே குழந்தையைக் கிடத்துவது எங்கள் வழக்கம். பை விழுந்தால் அரிசியோடு போயிற்று.

இட்லித் துணியும் அத்தகையதே. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, நகரெங்கும் கொண்டுசென்று விற்கும் தமிழ்க் குடும்பங்கள் தாராவியில் மிகுதி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், மாவு ஒட்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் இட்லி வழுவழுப்பாகக் கழன்று வரும். சாயத் துணியை மட்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது. ஆவியில் சாயம் இறங்கும்.

பழஞ்சேலையின் மற்றொரு திறம் அறிவியலாராலும் ஆராயப்பெற்றது. அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் அன்வர் ஹக் முதலானோரும் வங்காள தேசத்து மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே ஓர் ஆய்வு நடத்தினார்கள். குளத்திலும் ஆற்றிலும் நீர் முகக்கும்போது, குறைந்தது நான்காக மடித்த பழஞ்சேலையைக் குடத்தின் வாயில் இட்டு வடிகட்டச் செய்தார்கள். வாந்திபேதிக் கிருமி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வது. அப்பூச்சிகள் துணியிலேயே தங்கிவிட்டன. அவ்வூர்களில் வாந்திபேதி 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் அவர்கள் எழுதினார்கள். இதில் நம் கவனத்துக்குரிய செய்தி, புதிய சேலையினும் பழஞ்சேலையே நன்றாக வடிகட்டியது என்பது. துவைத்துத் துவைத்து இழை பிரிந்து பஞ்சுபோல் ஆவதால் கண்கள் சிறுத்துவிடுகின்றன. ஆயினும் நகரத்தில் வாழும் நாம் இதனைக் காய்ச்சிய நீருக்கு ஈடாகக் கருதலாகாது. வடிகட்டிய பின்னரும் காய்ச்சுதல் நன்று. வடிகட்டிய துணியை உடனே அலசி வெயிலில் உலர்த்தாவிடின், அத்துணியே நோய்க்கு இருப்பிடம் ஆகும்.

இவ்வளவும் பருத்திக்கே பொருந்தும். பாலியெஸ்டர் சேலை நீரை உறிஞ்சாது. தரை துடைக்கவும் உதவாது. அதனை அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைப்பது பெருந்தவறு. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இத்தகைய சேலைகளைப் பின்னிக் கயிறாக்கலாம், பைகளாகத் தைக்கலாம், அல்லது பழந்துணிக்குப் பாத்திரம் தரும் குஜராத்திப் பெண்களிடம் கொடுக்கலாம். ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்துக்கு எத்தனை உருப்படி கேட்கிறார்கள் என்பதை அவரவரே எண்ணிக்கொள்க. பேரத்தில் அவர்களை வென்றவர் எங்கள் சந்தில் ஒருவரும் இலர்.

துணியின் இறுதிப் படியை நாம் மராத்தியரிடமிருந்து கற்றோம். திருநெல்வேலியின் வெப்பத்துக்கு மெத்தைப் போர்வை வேண்டியிருக்கவில்லை. பாயும் ஒரு துப்பட்டியும் போதும். மும்பையின் மழைக் காலத்தில் தரை ஈரம் ஏறும். அயலகத்து மூதாட்டிகள் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, நான்கு புறமும் மடக்கி, வெளியிலிருந்து நடுவை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். அதற்குக் கோதடி என்று பெயர். ஒரு கோதடிக்கு நான்கு முதல் ஆறு சேலைகள் வரை வேண்டும். மேலும் கீழும் ஓரளவு வலுவான சேலையை இட்டு, நைந்தவற்றை நடுவில் மறைத்தல் வேண்டும். ஒற்றை நூலில் தைத்தால் முதல் துவையலிலேயே அறும். இரட்டை நூல் வேண்டும். தையல்களின் இடையே ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் உள்துணி சுருண்டுகொள்ளும். பெண்கள் இருவர் பகற்பொழுதில் ஓய்ந்த நேரங்களில் தைத்தால் மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வார உழைப்புக்கு விலை கணக்கிட்டால், கடையில் மலிவாக விற்கும் கம்பளி ஆதாயமாகவே தோன்றும். இதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. வீட்டுச் சிக்கனம் என்று நாம் பாராட்டுவதிற் பெரும்பகுதி, கூலி கொடுக்கப்படாத பெண்களின் உழைப்பே.

இனி நீல டிரம்மைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். இன்று பேச எழுந்ததற்கு உண்மையில் அதுவே காரணம்.

எங்கள் குழாய்களில் நாளில் சில மணி நேரமே நீர் வரும். ஆகவே வீடுதோறும் வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று நிற்கும். 200 லிட்டர் கொள்ளும் அந்த டிரம்கள் புதியவை அல்ல. தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிவந்து காலியானவை பழம்பொருள் வணிகர் வழியாக நம் வாசலுக்கு வருகின்றன. ஒன்றில் பழக்கூழ் வந்திருக்கும். மற்றொன்றில் சாயப் பட்டறைக்கான அமிலமோ பூச்சிமருந்தோ வந்திருக்கும். கழுவி, முத்திரையைச் சுரண்டி அடுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எங்கள் வீட்டிலேயே ஒரு முறை இவ்வாறு நேர்ந்தது. பார்வைக்குப் பளிச்சென்றிருந்த டிரம் ஒன்றை வாங்கி வந்து, சோப்புத் தூளும் புளியும் இட்டுத் தேய்த்து, மூன்று நாள் நீர் நிரப்பிக் கொட்டி, நான்காம் நாள் குடிநீர் பிடித்தோம். சித்திரை வெயில் ஏறியபோது நீரில் மருந்து வாடை வீசிற்று. அதற்குள் பிள்ளைகள் குடித்திருந்தார்கள். இருவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அது நீரினால் நேர்ந்ததோ வேறெதனால் நேர்ந்ததோ, திட்டமாகச் சொல்ல இயலாது. அன்று ஆச்சி எங்களைக் கடிந்துகொண்டார். "வெஷம் இருந்த ஏனத்தைக் கழுவிட்டா பால் காய்ச்சுவியளா?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் விடையில்லை.

காரணத்தைப் பின்னர் விளங்கிக்கொண்டோம். இந்த டிரம்கள் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. பித்தளையைப் போலவோ கண்ணாடியைப் போலவோ அது பொருளை வெளியே நிறுத்துவதில்லை. எண்ணெய்த் தன்மையுள்ள மருந்துகளும் கரைப்பான்களும் அதன் சுவருக்குள்ளேயே சிறிது ஊறிவிடுகின்றன. மேற்புறத்தைத் தேய்த்தால் அவை போகா. வெயிலில் சுவர் சூடேறும்போது மெல்ல மெல்ல நீருக்குள் இறங்கும். வாடையில்லை என்பதும் சான்று ஆகாது. வாடையற்ற நஞ்சுகளும் உண்டு. டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்னும் எண் இருந்தால் நல்லது என்று சிலர் கூறுவர். அவ்வெண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லுமேயன்றி, முன்பு அதனுள் இருந்தது யாது என்பதைச் சொல்லாது.

ஆகவே நேயர்கள் இவ்வாறு செய்யலாம். வரலாறு தெரியாத டிரம்மைத் துணி துவைக்கவும் கழிவறைக்கும் மட்டும் வைத்துக்கொள்க. அதன் மேல் சுற்றிலும் சிவப்பு வண்ணத்தால் பட்டையாகக் கோடு இடுக. எழுத்தறியாத முதியோரும் சிறு பிள்ளைகளும்கூடக் கோட்டைக் கண்டு ஒதுங்குவார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு வேண்டிய நீர் அவ்வளவு மிகுதியன்று. அதற்கு எவர்சில்வர்க் குடம் இரண்டு போதும். அல்லது மூடியும் குழாயும் உள்ள புதிய பாத்திரம் ஒன்றை வாங்குக. மற்றெல்லாவற்றிலும் பழையது கொள்வதற்கு நாங்கள் அஞ்சுவதில்லை. குடிநீர்ப் பாத்திரத்தில் மட்டும் புதியதற்குப் பணம் செலவிடுவோம். பழைய டிரம்தான் வாங்க வேண்டும் என்ற நிலை இருப்பின், பழக்கூழோ ஊறுகாயோ இருந்தது என்னும் முத்திரை கிழியாமல் ஒட்டியிருப்பதைக் கண்ணாற் கண்டு வாங்குக. கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

இவ்விடத்திலும் பழஞ்சேலை வந்து உதவுகிறது. தேங்கிய நன்னீரில் முட்டையிடும் கொசுவே டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டிரம்மின் வாயில் சேலைத் துணியை இரட்டையாக இட்டு இறுக்கிக் கட்டி, வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துவிட்டால், கொசு அங்கே பெருகாது. மேல்மூடி மட்டும் வைத்தால் இடுக்கு இருக்கும்.

பித்தளைப் பாத்திரம் பற்றியும் ஒரு சொல். ஊரிலிருந்து சீராக வந்த பித்தளைப் பானைகளைப் பலர் பரணில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். ஈயம் பூசினால் அதே பாத்திரம் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சினால் ஒரே வீச்சில் பரப்புவது கண்கொள்ளாக் காட்சி. கவனிக்க வேண்டியது ஒன்றே: வெள்ளீயத்தோடு மலிவான காரீயத்தைக் கலந்து பூசுவதும் உண்டு. காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. கலப்பில்லாத வெள்ளீயத்தை நாமே வாங்கிக் கொடுத்து, எதிரில் இருந்து பூசச் செய்தல் நன்று. தெருவில் கூவிக்கொண்டு வந்த கலாய்க்காரர்கள் இப்பொழுது அருகிவிட்டார்கள். ஒருவரைக் கண்டால் சந்து முழுவதும் கூடி அன்றே எல்லாப் பாத்திரங்களையும் கொடுத்துவிடுகிறோம்.

பால் மாவு டப்பா பருப்புக்கு ஆகும். எண்ணெய்த் தகரத்தை நீளவாக்கில் வெட்டித் தட்டினால் கூரை ஒழுகும் இடத்துக்கு ஆகும். வண்ண டப்பாவில் குரோட்டன்ஸ் வளர்க்கலாம், கீரை வளர்க்கலாகாது. வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவைப் பத்து இலட்சத்துக்கு 90 பங்கு என்று வரையறுக்கும் விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவையும் சன்னலையும் பிளந்து வெந்நீருக்கு எரிப்பதும் தீது. செய்தித்தாளில் வடையும் பஜ்ஜியும் மடித்துத் தரும் வழக்கத்தை, 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்கியுள்ளன. எழுத்து மை எண்ணெயோடு உணவில் இறங்கும் என்பது காரணம். அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்குத் தாள் தாராளமாகப் பயன்படட்டும்.

எப்படியும் இறுதியில் பங்கார்க்கடைக்குச் சிலவற்றைக் கொடுத்தே ஆகவேண்டும். பிற ஊர்களில் வாழும் அன்பர்கள் அங்கே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். எங்களால் மறக்க இயலாது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அதே பொருள் எங்கள் அக்காமார், தங்கைமார் கைகளுக்கு வருகிறது. பிளாஸ்டிக்கை நிறம் பார்த்தும் வளைத்துப் பார்த்தும், ஐயமெனில் கொளுத்தி முகர்ந்து பார்த்தும் வகை பிரிக்கிறார்கள். பின்பு அது நொறுக்கப்பட்டு, கழுவப்பட்டு, கூரைகளின் மேல் உலர்த்தப்பட்டு, உருக்கி மணிகளாக்கப்படுகிறது. உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதிக் கொடுத்தால் ஒரு விரல் தப்பும். ஊசியையும் காலாவதியான மருந்தையும் அதனோடு கலவாதிருத்தல் வேண்டும். தயிர்க் குவளையை அலசிக் கொடுப்பதற்கு அரைக் குவளை நீர் போதும். துணி அலசிய நீரே ஆகும்.

மழை தொடங்குமுன், மே மாதத்துக் கடும் வெயிலில் கோதடிகளைத் துவைத்து உலர்த்திவிடுவது எங்கள் சந்தின் வழக்கம். ஜூன் பிறந்தால் அவை உலர நான்கு நாள் ஆகும். கூரைகளின் மேல் ஒருபுறம் நொறுக்கிய பிளாஸ்டிக் பல நிறத்தில் காயும். மறுபுறம் கோதடிகள் காயும். ஆச்சியின் கோதடியைத் தூக்குவதற்கு இருவர் வேண்டும். அதில் ஏழு சேலைகள் உள்ளன. அதன் ஒரு மூலையில் அரக்கு நிறக் கரை ஒன்று இன்னும் மங்காமல் தெரிகிறது. தாதரில் ரயிலை விட்டு இறங்கிய அன்று தாம் உடுத்தியிருந்த சேலை அது என்று அவர் சொல்வார். இரவில் கோதடியை விரிக்கும்போது, அந்த மூலை தலைமாட்டுக்கு வருமாறு பார்த்தே விரிப்பார்.